ஏரியில் வேறு இடமே இல்லையா?

கதிர்,

கல்யாணம் முடிந்து மண்டபத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது, காரின் முன்சீட்டிலிருந்து திரும்பி நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏம்மா, பந்தி நடக்கும்போது மாமா உன்னத் தனியா கூப்ட்டு என்னமோ சொன்னாரே, ரெண்டு பேரும் அப்டி சிரிச்சீங்களே, இன்னா விஷயம்?" என்றாய். "ஒண்ணுமில்லடா, சாம்பார்ல உப்பு கம்மியாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புதுப்பெண் யாழினி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தப் பதிலே போதுமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ புனேயிலிருந்து போன் பேசியபோது உன் நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். என்னை லைனில் வைத்துக்கொண்டே அவர்களிடம், "எங்க மாமனாருக்கு ஜோசியர் சொன்னா போதும். பொண்ணுக்குத் தண்ணில கண்டம்னு சொல்லி எங்க போட் எண்ட்ரியவே கேன்சல் பண்ணிட்டாரு" என்று நீ சொன்னதும், எல்லோரும் சிரித்ததும் எனக்குக் கேட்டது. யாழினி சிரிக்கிறாளா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அவள் குரல் வரவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் மாமனார் எந்த ஜோசியரையும் போய்ப் பார்க்கவில்லை, கதிர். எனக்காக அவர் சொன்ன பொய் அது. அதை நீ ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அது அந்த மனிதருக்கு நான் செய்யும் துரோகம். போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு வேறு கால் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். யாழினியும் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நான் எப்படி ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்தேன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். ரிட்டயர் ஆன கையோடு சர்க்கரை வந்தது. எத்தனையோ பேருடைய சர்க்கரையை லேபில் பார்த்துச் சொன்னவளுக்குத் தன்னுடையதைப் பார்த்ததும் தலை சுற்றியது. நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். மூலக்குளத்தில் எந்தத் தெருவில் நடக்க முடிகிறது? வண்டி இடிக்காமல் நடக்க நம் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஏரிக்கரைதான் இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீருக்குள்ளிருந்து பாம்பு ஒன்று தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். கழுத்தில் பைனாகுலர், தலையில் பழைய பட்டாளத்துத் தொப்பி. "பாம்பு இல்ல மதாம். பாம்புத்தாரா, பறவ. உடம்பு தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளில. பாருங்க" என்று பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். அவர்தான் லூர்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பி, சாரம் பகுதியில் தனியாக இருப்பவர். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் வாங்கிக் கண்ணில் வைத்து, நடுத் திருகைத் திருகி, பிறகு வலக்கண்ணுக்கு மட்டும் தனியாக இருக்கும் திருகையும் சரிசெய்தேன். முசியே அசந்துபோனார். "இதுக்கு முன்னாடி ஆர்மில இருந்தீங்களா மதாம்?" என்றார். "இல்லிங்க, ஆஸ்பத்திரி லேப்ல. மைக்ராஸ்கோப்" என்றேன். எங்கள் நட்பு அப்படி ஆரம்பித்தது. உன் அப்பா, "கொக்கு பாக்கக் கெளம்பிட்டியா?" என்று தினமும் கேட்பார். கேட்டுக்கொண்டே பிளாஸ்கில் காப்பியும் ஊற்றித் தருவார்.

உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் லேபுக்கு வந்துவிடுவாய். பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்பாய். ஒரு நாள் உன்னை ஸ்டூலில் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைக் காட்டினேன். வேறு பிள்ளையாக இருந்தால் ஐய்யே என்றிருக்கும், இல்லை அழகாக இருக்கிறது என்றிருக்கும். நீ, "இது யாரோடதும்மா?" என்று கேட்டாய். சீட்டில் நம்பர்தான் இருந்தது. அந்த நம்பருக்குப் பின்னால் ஓர் ஆள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து காத்திருக்கிறார் என்பது அத்தனை வருஷ வேலையில் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன்னிடமிருந்த நல்ல குணம் அது. ஒரு பொருளைப் பார்த்ததும் இது யாருடையது என்று கேட்பாய். வேலை, ஊர், சம்பளம் என்று ஓடுகிற ஓட்டத்தில் அது உன்னைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதுதான் என் கவலை.

ஏரியின் கிழக்குக் கரையில் அந்த மண்டபம் எழும்பியபோது நாங்கள் சிலர் சேர்ந்து மனு கொடுத்தோம். ஏரிக்கு அவ்வளவு ஒட்டி வரக்கூடாது, விளக்கும் வெடியும் பறவைகளை விரட்டிவிடும் என்று எழுதி முசியேதான் கையெழுத்து வாங்கினார். நானும் போட்டேன். மண்டபம் வந்துவிட்டது. பிறகு உன் கல்யாணம் பேசி முடித்ததும், பெண் வீட்டில் அந்த மண்டபத்தையே பிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குத் திக்கென்றது. ஆனால் கல்யாணம் நடத்துகிறவர்கள் அவர்கள். இடம் வேண்டாமென்று சொல்ல நான் யார்? முசியேவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "மனுவுல கையெழுத்து போட்ட கையாலயே அங்க போய் அட்சதை போடப் போறீங்களா மதாம்?" என்றார். "ஆமாங்க. எம்புள்ள" என்றேன். அவருக்குப் பிள்ளைகள் இருந்தும் எல்லோரும் கடலுக்கு அந்தப்பக்கம்தான்.

அப்புறம் நீ லீவில் வந்தாய். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ காட்டினாய். பூவால் அலங்கரித்த படகில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏரியைக் கடந்து வந்து மண்டபத்துப் படித்துறையில் இறங்குகிறார்கள். "நம்ம ரிசப்ஷனுக்கும் இதான்மா. இவென்ட் மேனேஜர் சரின்னுட்டாரு. வழியில இருக்கிற அல்லியெல்லாம் எடுத்துட்டா போட் வந்துடுமாம்" என்றாய். நீ எதற்கும் அடம்பிடித்து வளர்ந்த பிள்ளை இல்லை. முதல்முறையாக உன் முகத்தில் அப்படி ஓர் ஆசையைப் பார்த்தேன். அதனால்தான் மெதுவாகச் சொன்னேன்: "அந்த அல்லி மேல ஒரு பறவ முட்ட வெச்சிருக்குடா." நீ சிரித்துக்கொண்டே, "ஏரியில வேற எடமே இல்லியாம்மா அதுக்கு?" என்றாய். உன் அப்பாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நீ விளையாட்டாகக் கேட்டாய். நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். நிஜமாகவே வேறு இடம் இருக்கிறதா என்று கரையை முழுக்கச் சுற்றி வந்தேன். தெற்கே கரை நெடுக கல் பதித்துவிட்டார்கள். புல்லோ நாணலோ இல்லை, ஒரு தவளை ஏறி உட்காரக்கூட வழியில்லை. மேற்கே வீடுகளின் சாக்கடை வந்து விழுந்து ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. தண்ணீரே கண்ணில் படாது. கிழக்கே மண்டபம். வடக்கே நடைபாதைக்காக அளந்து கல் நட்டிருந்தார்கள். மண்டபத்துக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் ஒரு மூலையில்தான் அல்லி மிஞ்சியிருந்தது. அதன் மேல்தான் அந்த நீளவால் இலைக்கோழி. சாக்லேட் நிற உடம்பு, வெள்ளை இறக்கை, பிடரியில் மஞ்சள் பட்டுத் துணியை ஒட்டியதுபோல ஒரு பளபளப்பு, அரிவாள்போல வளைந்த வால். இலை மேல் நடப்பதற்காகவே நீண்ட விரல்கள். கூடு என்றுகூடச் சொல்ல முடியாது. மிதக்கிற இலையில் நாலு தண்டை இழுத்துப்போட்டு அதன் மேல் முட்டை. அந்த இலையை அசைத்தால் எல்லாம் போச்சு. உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏரியில் அதற்கு வேறு இடம் இல்லை.

அப்போதே உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ அன்று காலையே புனேக்குக் கிளம்பிப் போய்விட்டாய். போனில் பேச்செடுத்தால் பத்திரிகை, பட்டுப்புடவை என்று வேறெங்கோ போயிற்று. கடைசியில் பஸ் பிடித்து வில்லியனூர் தாண்டி உன் மாமனார் வீட்டுக்கே போனேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சம்பந்தியம்மா தனியாக வந்து நின்றால் எந்தப் பெண்ணைப் பெற்றவனும் பயப்படத்தான் செய்வான். ஏழுமலை சம்பந்தியும் பயந்துவிட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்டபத்தைப் பற்றி ஆரம்பித்ததுமே, "ஏன், அந்த எடம் புடிக்கலியா உங்களுக்கு?" என்றார். குரல் கெட்டிப்பட்டிருந்தது.

மனு போட்ட கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த மண்டபத்துல மணமேட இருக்குது பாருங்க, அது எங்க நாத்தங்கால். எங்கப்பா காலத்துல ஏரித் தண்ணி அங்கதான் மொதல்ல வரும். வாய்க்கால அடச்சி வீட்டு மன போட்டாங்க. தண்ணி நின்னு போச்சு. அப்பறம் வெச்சிகினு இன்னா பண்றது, வித்துட்டோம். எம்பொண்ணு கல்யாணம் எங்க மண்ணு மேல நடக்கட்டும்னுதான் அந்த மண்டபத்தப் புடிச்சேன். பகட்டுக்குன்னு நெனச்சிட்டீங்களா?" அவர் நிறுத்தவில்லை. "பறவைக்குத் தண்ணி வேணும்னு கையெழுத்து வாங்கனீங்களே, பயிருக்குத் தண்ணி இல்லாம போனப்ப யாரு வந்தீங்க? உங்க வீடு எந்தத் தெரு?" சொன்னேன். "அது எங்க பெரியப்பா காணி" என்றார்.

மண்டபம் வந்ததால் ஏரி கெட்டது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவள் நான். என் அடுப்பங்கரையும் ஒருவருடைய வயலில்தான் நிற்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். வந்த காரியத்தைப் பேசாமலே எழுந்துவிட்டேன். அவர்தான் வாசலில் நிறுத்தி, "இன்னா சொல்ல வந்தீங்க, சொல்லிட்டுப் போங்க" என்றார். படகை மட்டும் வேண்டாமென்று வைக்க முடியுமா என்று கேட்டேன். "படகு நான் கேக்கல. மாப்ள ஆசப்பட்டாரு" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "காலைல வரேன். இன்னா பறவன்னு காட்டுங்க" என்றார்.

மறுநாள் பைக்கில் வந்தார். முசியேவைப் பார்த்து நானும் வாங்கிவைத்திருந்த பைனாகுலரைக் கொடுத்தேன். "ஒண்ணுமே தெரியலியே, மங்கலா இருக்குது" என்றார். என் கண்ணுக்குச் சரியாகத் திருகி வைத்தது அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்? முதலில் இடக்கண், பிறகு வலக்கண் என்று அவரே திருகிக்கொள்ளச் சொல்லித் தந்தேன். கதிர், புதிதாகக் கல்யாணமானவன் நீ, அதனால் சொல்கிறேன். எனக்குத் தெளிவாகத்தானே தெரிகிறது, உனக்கு ஏன் தெரியவில்லை என்று யாழினியிடம் ஒருநாளும் கேட்காதே. அவள் திருகிக்கொள்ள நேரம் கொடு.

பறவையைப் பார்த்து அவர் உருகிவிட்டார் என்று நினைக்காதே. "நெல்லப் புடுங்கிப் போடற நீலக்கோழிய வெரட்டியே வளந்தவன் நான். எனக்குக் கோழின்னாலே கோவம்தான்" என்றார். பார்த்துவிட்டுக் கரையோடு நடந்துபோய் பழைய மதகுக்குப் பக்கத்தில் நின்றார். மதகின் வாயில் கட்டடக் குப்பை கொட்டி மேடாகியிருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "படகு வேணான்னு நான் சொல்லிட்றேன். நீங்க சொன்னா, பெத்த அம்மாக்குப் புள்ள கல்யாணத்தவிட பறவ பெருசாப் போச்சுன்னு பேசுவாங்க. மாப்ளயும் மனசு கஷ்டப்படுவாரு. பொண்ணுக்குத் தண்ணில கண்டம், ஜோசியர் சொன்னாருன்னு சொல்லிக்கறேன். பொண்ணப் பெத்தவன் பயந்தான்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நீ போனில் கத்தினாய். "இந்தக் காலத்துல இப்டி ஒரு மூடநம்பிக்கையாம்மா?" என்று கேட்டாய். நான், "விடுடா, பெரியவங்க" என்றேன். பந்தியில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "சம்பந்தியம்மா, எங்க மச்சான் ஒருத்தரு அந்த ஜோசியர் போன் நம்பர் குடுன்னு கழுத்தறுக்கறாரு. இன்னா சொல்றது?" அதற்குத்தான் அப்படிச் சிரித்தோம். ஆனால் ரிசப்ஷனில் உன் நண்பர்கள் சரவெடி வைத்தபோது எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை. முசியே அழைப்பை மதித்துக் கோட்டு சூட்டோடு வந்திருந்தார். வெடிச் சத்தம் கேட்டதும் தட்டை வைத்துவிட்டு, பிரெஞ்சில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய் ஏரிப் பக்கமே பார்த்து நின்றார். மறுநாள் காலையில் மறுவீட்டுக்குக் கிளம்பும் பரபரப்பில் நான் காணாமல்போனேன் என்று உன் அப்பா தேடினாரே, அப்போது நான் கரையில் இருந்தேன். பறவை முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

நீங்கள் புனேக்குப் போன பிறகு, ஏரியை அழகுபடுத்தும் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றை அதிகாரிகள் வைத்தார்கள். திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கரையைச் சுற்றி டைல்ஸ் நடைபாதை, கலர் விளக்கு, படகுத்துறை. படத்திலிருந்த ஏரியில் ஓர் இலைகூட இல்லை. முசியே எழுந்து பறவைகளைப் பற்றிப் பேசினார். குறித்துக்கொண்டார்கள். நான் பேசினேன். அதையும் குறித்துக்கொண்டார்கள். அடுத்து யார் என்று கேட்டபோது பின்வரிசையிலிருந்து உன் மாமனார் எழுந்தார். அவர் வந்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கூட ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். "ஏரிக்குத் தண்ணி வர்ற வாய்க்கால் எங்க இருக்குது, படத்துல காட்டுங்க" என்றார். அவர்கள் தேடினார்கள். படத்தில் வாய்க்காலே இல்லை. "தண்ணி வர்ற வழியும் இல்ல, போற வழியும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்குங்க அதுக்கு ஏரின்னு பேரு? தொட்டின்னு எழுதுங்க" என்றார். கூடம் முழுக்கக் கைதட்டல். முசியே எழுந்து நின்று தட்டினார்.

வெற்றி என்று சொல்ல மாட்டேன். வாய்க்கால் விவகாரத்தைப் பார்க்கும்வரை வடக்குக் கரையில் வேலை தொடங்காது என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். நட்ட கல்லைப் பிடுங்கவில்லை. தெற்குக் கரை போனது போனதுதான். அடுத்த மழைக்குள் மதகுக் குப்பையையாவது எடுக்க வைக்கவேண்டும் என்று உன் மாமனாரும் முசியேவும் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். ஒருவர் ஏறுகிற பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் போட்டு வைக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஏரி யாருடையது என்று அவர்களுக்குள் இன்னும் சண்டைதான். "மொதல்ல பயிரு" என்பார் இவர். "நோன், நோன்" என்று பிரெஞ்சில் மறுப்பார் முசியே.

இன்று காலை உன் மாமனார் தனியாகக் கரைக்கு வந்திருந்தார். கேட்காமலே பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். இப்போதெல்லாம் அவரே திருகிக்கொள்கிறார். திடீரென்று, "இன்னாங்க இது, ஒரு பறவைக்கு இத்தினி காலு?" என்று பதறினார். நான் வாங்கிப் பார்த்தேன். மேலே பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. குஞ்சுகளையெல்லாம் இரண்டு இறக்கைக்கு அடியிலும் இடுக்கிக்கொண்டு பறவை எழுந்து நடந்துகொண்டிருந்தது. குஞ்சுகளின் நீளக் கால்கள் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. "ஆத்தா எப்டித் தூக்கிகினு போறா பாருங்க" என்றார். "ஆத்தா இல்லிங்க, அப்பன்" என்றேன். இந்த இனத்தில் பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறிடம் போய்விடும், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதெல்லாம் ஆண்தான் என்று முசியே எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன்.

அவர் பைனாகுலரைத் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்தார். பருந்து போய்விட்டது. குஞ்சுகள் இறங்கி இலை மேல் ஓடின. அவர் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கண்ணை எடுக்காமலே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "யாழினி உங்களுக்குப் போன் பண்ணாளா? எனக்கு மூணு நாளா பண்ணல" என்றார். "புது எடம், வேலை இருக்கும்" என்று நான் சொன்னதற்கு, "அதான், அதான்" என்று தலையாட்டினார்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவளிடம் போனைக் கொடு, கதிர். அவள் தன் அப்பாவிடம் பேசி முடித்த பிறகு நீயும் அவரிடம் பேசு. படகைப் பற்றி எதுவும் கேட்கவேண்டாம். மதகுக் குப்பையை எடுத்துவிட்டார்களா மாமா என்று மட்டும் கேள்.

அம்மா